அரியருக்கு முன்பே ஆலோசகரைப் பார்ப்பது

கல்லூரி திறந்த முதல் வாரத்தில் துறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். இடப்பக்கம் பதிவு எண்கள், வலப்பக்கம் ஓர் ஆசிரியரின் பெயர். பேருந்து பாஸ், விடுதி அறை, மெஸ் கார்டு, லேப் கோட் என்று அலைகிற அலைச்சலில் பலரும் அந்தத் தாளைக் கடந்து போய்விடுவார்கள். வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கனவே படித்திருந்தால், "உன் மென்டர் யாருன்னு பாத்தியா?" என்று அன்று ராத்திரியே கேட்பார்கள். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்திருப்பவரிடம் இதைக் கேட்க யாரும் இல்லை. இந்த அத்தியாயம் முக்கியமாக அவருக்காகத்தான்.

அந்தத் தாளில் இருக்கும் ஆசிரியருக்குக் கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். ஓரிடத்தில் மென்டர், இன்னோரிடத்தில் டியூட்டர், வேறொரு கல்லூரியில் கிளாஸ் அட்வைசர். அண்ணா பல்கலைக்கழக விதிமுறையில் அவர் ‘ஃபேகல்ட்டி அட்வைசர்’. துறைத்தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் படித்து முடிக்கும்வரை பாடத் தேர்வுக்கும் பொதுவான படிப்பு ஆலோசனைக்கும் அவரே பொறுப்பு என்று அந்த விதி சொல்கிறது. ஆக, ஆலோசகரைப் போய்ப் பார்ப்பது அவரிடம் தயவு கேட்பது ஆகாது. அது அவருடைய வேலை. கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கும் ‘நாக்’ குழுவும் எத்தனை மாணவருக்கு ஒரு மென்டர் என்ற விகிதத்தைக் கேட்டு வாங்குகிறது. அதனால் காகிதத்திலாவது இந்த ஏற்பாடு இல்லாத கல்லூரி அரிது.

காகிதத்தில் மட்டுமே இருக்கும் கல்லூரிகளும் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. பருவத்துக்கு இரண்டு முறை மென்டர் நோட்டு வகுப்பைச் சுற்றி வரும். எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ‘பிரச்சினைகள் ஏதேனும்’ என்ற கட்டத்தில் முப்பது பேரும் ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். ஆசிரியர்மீது மட்டும் பழி போட முடியாது. நாலைந்து வகுப்பு, லேப், தேர்வுப் பணி, தரச்சான்றுக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் இடையில்தான் அவர் இதையும் செய்கிறார். கேட்டு வருகிற மாணவருக்கு அவர் நேரம் கொடுப்பார். கேட்காதவர் அவருக்கு ஒரு பதிவு எண்ணாகவே இருந்துவிடுகிறார். கூச்சப்படும் மாணவர் இழப்பது இந்த இடத்தில்தான்.

முதல் சந்திப்பு முதல் மாதத்திலேயே, சிக்கல் எதுவும் இல்லாதபோதே நடந்துவிடுவது நல்லது. பத்து நிமிடம் போதும். மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "சார், நான் உங்க மென்டி. அஞ்சு நிமிஷம் பேசணும், எப்ப வரலாம் சார்?" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் முகம் சுளிக்க மாட்டார். போகும்போது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலும், வீட்டு நிலவரத்தை நாலு வரியில் எழுதிய ஒரு தாளும் கையில் இருந்தால் பேச்சு சுலபமாகும். தமிழ் வழியில் படித்தவரா, தினமும் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார், வார இறுதியில் வேலைக்குப் போகிறாரா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பதெல்லாம் ஆலோசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து வருகைப் பதிவு குறையும்போது சொன்னால் அது சாக்காகக் கேட்கும். முதல் மாதத்தில் சொன்னால் தகவல்.

வருகைப் பதிவின் கணக்கை மாணவர் தானே போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 75 வேலைநாள் என்று வைத்துக்கொள்ளலாம். தேர்வு எழுதத் தேவையான 75 சதவீத வருகை என்றால் 57 நாள் வந்திருக்க வேண்டும். விடுப்புக்கு மிஞ்சுவது 18 நாள். உடல்நலக் குறைவு, விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களுக்காக 65 சதவீதம் வரை சலுகை உண்டு. கல்லூரி வழக்கில் இதற்குப் பெயர் கன்டொனேஷன். அந்தச் சலுகையின் கடைசி எல்லை 26 நாள். 27ஆவது நாள் போனால் தேர்வு எழுத முடியாது, அடுத்த பருவத்துக்கும் போக முடியாது. அடுத்த கல்வியாண்டில் அதே பருவத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

டெங்கு வந்து இரண்டு வாரம் படுத்த ஒரு மாணவரை நினைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்பே திருவிழா, கல்யாணம், பேருந்து தவறிய நாட்கள் என்று எட்டு நாள் போயிருக்கிறது. காய்ச்சலுக்கு வேலைநாள் பன்னிரண்டு. மொத்தம் 20. சலுகை இல்லாமல் அவரால் தேர்வு எழுத முடியாது. மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியும் மருத்துவச் சான்றும் வாங்கி, திரும்பி வந்த முதல் நாளே ஆலோசகரிடம் கொடுத்து, கொடுத்ததற்கு நகலில் தேதியுடன் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பெரும்பாலோர் செய்வது வேறு. பருவ இறுதியில் பட்டியல் ஒட்டிய பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். காலம் கடந்து வாங்கிய சான்றிதழைத் துறைத்தலைவர் சந்தேகத்தோடு பார்க்கிறார். ஒரு நாள் கூலியை விட்டு வந்து வராந்தாவில் காத்திருக்கும் அந்த அப்பாவைப் பார்ப்பது வேதனையான காட்சி. அந்த வேதனை தேவையே இல்லாதது.

கல்லூரி சார்பில் போட்டிக்கோ கருத்தரங்குக்கோ போகும் நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கேட்பதும் போவதற்கு முன்புதான். போய்விட்டு வந்து கேட்டால், கொடுக்க மனமிருக்கும் ஆசிரியராலும் கொடுக்க முடியாமல் போகலாம்.

அடுத்தது மதிப்பெண். இதில் ஒரு நுணுக்கம் தெரியாமலேயே பலர் முதல் அரியர் வாங்குகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. மொத்தத்தில் 50 வந்தால் தேர்ச்சி என்று மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். பருவத் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனையும் இருக்கிறது. 60க்கு அது 27. இன்டர்னலில் 30 வைத்திருக்கும் ஒருவர் பருவத் தேர்வில் 25 எடுத்தால் மொத்தம் 55. ஆனாலும் தேர்ச்சி இல்லை. "அம்பத்தஞ்சு வந்தும் எப்படி சார் ஃபெயிலு?" என்ற கேள்வி முடிவு வரும் வாரத்தில் ஸ்டாஃப் ரூமில் கேட்பது இதனால்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. தேர்வுத்தாள் 100 மதிப்பெண்ணுக்குத் திருத்தப்பட்டு 60க்குச் சுருக்கப்படுகிறது. இன்டர்னலில் 20 இருந்தால் நூற்றுக்கு 50 எழுதினால் போதும். இன்டர்னல் 10தான் என்றால் நூற்றுக்கு 67 எழுத வேண்டும். பருவத் தேர்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் இன்டர்னலைக் கோட்டை விடுபவர் தன் தலையில் தானே சுமை ஏற்றுகிறார். முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்த அன்றே, குறைந்த பாடங்களின் பட்டியலோடு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். ‘ஸ்லோ லேர்னர்’ வகுப்பு என்று சொல்லும் சிறப்பு வகுப்புகள் கல்லூரிகளில் மாலையில் நடக்கின்றன. அந்தப் பெயர் நன்றாக இல்லை, மாணவரைக் கூச வைக்கிறது, மாற்றினால் நல்லது. ஆனால் பெயருக்காக வகுப்பை விட்டுவிடக் கூடாது. நாற்பது பேருக்கு நடத்தும் அதே ஆசிரியர் எட்டுப் பேருக்கு நடத்தும்போது கேள்வி கேட்க வாய் வரும்.

அரியர் விழுந்துவிட்டால்? முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். நகல் கேட்கவும் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் பல்கலைக்கழகம் கொடுக்கும் அவகாசம் சில நாட்களே. முடிவு வந்த துக்கத்தில் ஊருக்குப் போய் மொபைலை அணைத்துவைத்தால் அந்தத் தேதி தாண்டிவிடும். நகலைப் பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டி, மதிப்பெண் கூட வாய்ப்பு உண்டு என்று அவர் சொன்னால் மட்டும் மறுமதிப்பீட்டுக்குக் கட்டலாம். எல்லாத் தாளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கட்டுவது பண விரயம். மறுமதிப்பீட்டில் கூடாவிட்டாலும் அந்த நகலுக்குப் பயன் உண்டு: எந்த யூனிட்டில் எவ்வளவு விட்டோம் என்பது அதில் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பல அரியர்கள் சேர்ந்துவிட்டவர் எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் எழுதித் தீர்க்கப் பார்ப்பதும், நடப்புப் பாடங்களையும் சேர்த்துத் தோற்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆலோசகரோடு உட்கார்ந்து வரிசை போடலாம். கணிதம் போல மேல் பாடங்களுக்கு அடித்தளமாக இருப்பவை முதலில், தனித்து நிற்கும் பாடங்கள் பிறகு. நான்காண்டு பி.இ. படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் ஏழு ஆண்டு வரை அனுமதிக்கிறது. வேலைவாய்ப்பு முகாமுக்கு வரும் நிறுவனங்கள் அந்த ஏழு ஆண்டைப் பார்ப்பதில்லை, அரியர் எண்ணிக்கையைத்தான் கேட்கின்றன. அதனால் ஆறாம் பருவம் முடிவதற்குள் பாக்கியைத் தீர்க்கும்படி கணக்குப் போடுவது நல்லது.

அதிகம் பேருக்குத் தெரியாத இரண்டு வழிகளும் விதிமுறையில் இருக்கின்றன. கடும் நோய், குடும்பத்தில் இழப்பு போன்ற தகுந்த காரணம் இருந்தால், படிப்புக் காலம் முழுவதிலும் ஏதேனும் ஒரு பருவத் தேர்விலிருந்து விலகல் அனுமதி கேட்கலாம். அப்படி விலகியதை முதல் வகுப்புச் சிறப்புத் தகுதிக்கு முயற்சியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். படிப்பையே சிறிது காலம் நிறுத்த வேண்டிய நிலை வந்தால் அதிகபட்சம் ஓராண்டு அனுமதி பெற்று நிறுத்தி, பிறகு தொடரலாம். இரண்டுமே முன்கூட்டி எழுதிக் கேட்டு, துறைத்தலைவர், முதல்வர் வழியாகப் போக வேண்டியவை. சொல்லாமல் நின்றுவிட்டவருக்குத் திரும்பி வரும் வழி மிகவும் கடினமாகிவிடும்.

தன்னாட்சிக் கல்லூரிகளிலும் கலை அறிவியல் கல்லூரிகளிலும் இந்த எண்கள் மாறும். கல்லூரி கொடுக்கும் கையேட்டில் விதிமுறைப் பக்கங்களை முதல் வாரத்திலேயே பென்சிலும் கையுமாக வாசித்துவிட வேண்டும்.

வகுப்பில் பாடம் புரியாமல் போவதற்கு மொழியும் ஒரு காரணம். பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்து, மாநில அளவில் நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர், முதல் மாதம் முழுக்க ஆங்கில வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கோணத் திசைவேகம் தெரியும். ‘ஆங்குலர் வெலாசிட்டி’ என்று கேட்கும்போதுதான் தடுமாறுகிறார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கியது. மற்றப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் ஆலோசகரிடம் கேட்கக்கூடிய உதவி மூன்று: தமிழில் சந்தேகம் கேட்க அனுமதி, பாடத்துக்கு ஒரு கலைச்சொல் பட்டியல், அதே வழியில் வந்து இப்போது நன்றாகப் படிக்கும் ஒரு மூன்றாமாண்டு மாணவரின் அறிமுகம். மூன்றாவதுதான் மிகவும் பலன் தரும். "நானும் இப்படித்தான் இருந்தேன் தம்பி" என்று ஓர் அண்ணனோ அக்காவோ சொல்வதைக் கேட்ட பிறகு பயம் பாதியாகக் குறைகிறது.

வகுப்பில் ஒரு பாடம் யாருக்குமே புரியவில்லை என்றால் அது தனி ஆளின் குறை இல்லை. அதற்கென்றே ‘கிளாஸ் கமிட்டி’ இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஓர் ஆசிரியர் தலைவராக இருப்பார். பாட ஆசிரியர்களும், வழக்கமாக இரண்டு மாணவர், இரண்டு மாணவியரும் உறுப்பினர்கள். ‘யூனிட் இரண்டு வேகமாகப் போய்விட்டது, இன்னொரு முறை வேண்டும்’ என்று அங்கே சொன்னால் அது கூட்டக் குறிப்பில் ஏறும், துறைத்தலைவர் மேசைக்குப் போகும். வகுப்புப் பிரதிநிதியாக வாய் துடுக்கானவரைத் தேர்ந்தெடுப்பதைவிட, மற்றவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறவரைத் தேர்ந்தெடுப்பது பயன் தரும்.

பணத்துக்கு வருவோம். உதவித்தொகைப் பிரிவு எழுத்தர் யார், அவர் எந்த அறையில் இருக்கிறார் என்பது முதல் வாரத்தில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டாவது பெயர். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்ற, குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குத் தமிழ்நாடு அரசு 2010 முதல் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. அதற்கான சான்றிதழை இ-சேவை வழியாக வாங்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் வந்தது. அதில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாயை நேராக வங்கிக் கணக்கில் போட ஏற்படுத்தப்பட்டவை. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். திட்டங்களும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் அந்த எழுத்தரிடமே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

இவற்றில் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் சின்னக் காரணமே இருக்கும். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணையவில்லை, சான்றிதழில் இனிஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, புதுப்பிக்கும் தேதி தாண்டிவிட்டது. சாதி, வருமானம், முதல் பட்டதாரி, போனஃபைட் சான்றிதழ்களின் ஐந்து நகல்களை ஒரே உறையில் போட்டு வைத்திருப்பவர் இந்த அலைச்சலில் பாதியைத் தவிர்த்துவிடுவார். கட்டணம் கட்டத் தாமதமாகும் என்று தெரிந்தால் கடைசித் தேதிக்கு முன்பே ஆலோசகர் வழியாக முதல்வருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தவணை கேட்பதில் எந்த அவமானமும் இல்லை.

மனம் தளர்ந்துபோகும் நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், விடுதி அறையை விட்டு வெளியே வராமல் இரண்டு வாரம் போனால் அதைச் சோம்பல் என்று யாரும் நினைக்கக் கூடாது, அந்த மாணவரும்தான். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் பயிற்சி பெற்ற ஒரு மனநல ஆலோசகரையாவது அமர்த்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. ‘நம்ம காலேஜ்ல கவுன்சலர் யாரு, எந்த நாள் வர்றாங்க?’ என்று கேட்பது மாணவரின் உரிமை. கல்லூரிக்குள் பேசத் தயக்கம் இருந்தால் ஒன்றிய அரசின் டெலி மனஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, தமிழிலும் கிடைக்கிறது. கட்டணம் இல்லை. சென்னையில் 1986இல் தொடங்கிய சிநேகா அமைப்பு தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதையே பணியாகக் கொண்டது. அறைத்தோழர் ஒருவர் ‘நான் இல்லாம போனா எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரிப் பேசினால், ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்திருந்தாலும் அதை மீறலாம். அன்றிரவே வார்டனுக்கும் ஆலோசகருக்கும் சொல்லிவிட்டு, யாராவது ஒருவர் அவரோடு கூடவே இருக்க வேண்டும்.

ராகிங் என்றால் காத்திருக்கவே வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொலையுண்ட பிறகு தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தேசிய உதவி எண் 1800-180-5522. பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது பொதுவிதி, தகுந்த காரணம் இருந்தால் அவகாசம் நீளும். புகார் ஆலோசகரைப் பற்றியதாகவே இருந்தாலும் நேராக அந்தக் குழுவுக்குப் போகலாம். அசல் சான்றிதழைத் தர மறுப்பது, கட்டணத்தைத் திருப்பித் தராதது போன்றவற்றுக்கு 2023ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு உண்டு. அது 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். தீர்வு திருப்தி தராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மாற்றுத்திறனாளி மாணவர்கள் பருவத் தொடக்கத்திலேயே எழுத வேண்டிய கடிதம் ஒன்று இருக்கிறது. எழுத்தர் (ஸ்கிரைப்) உதவியும், தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் அவர்களுக்கு உரியவை. ஊனம் 40 சதவீதத்துக்குக் குறைவு என்ற காரணத்தைச் சொல்லி எழுத்தர் உதவியை மறுக்க முடியாது என்று, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறை இருந்த விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. தேர்வு நாளன்று கேட்டால் அறைக் கண்காணிப்பாளரால் ஒன்றும் செய்ய முடியாது. தேர்வுக் கட்டுப்பாட்டாளரின் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் பேச்சே எழாது.

இரண்டாமாண்டு முடியும்போது ஆலோசகரைப் பார்க்க இன்னொரு காரணம் வருகிறது: விருப்பப் பாடங்கள். நண்பர் எடுக்கிறார், சுலபமாக மதிப்பெண் வரும் என்று எடுத்த பாடம் ஏழாம் பருவத்தில் எதற்கும் ஆகாமல் நிற்கும். 2021 விதிமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் ஆனர்ஸ் அல்லது மைனர் என்று பட்டத்தோடு சேரும்; அதை ஐந்தாம் பருவத்திலிருந்து தொடங்க வேண்டும். மேல்படிப்பா, கேட் தேர்வா, அரசு வேலையா, நேராகக் கம்பெனியா என்பதைச் சொன்னால்தான் ஆலோசகரால் எந்தப் பாடம் உதவும் என்று சொல்ல முடியும்.

ஆலோசகர் வேறு கல்லூரிக்கு மாறிப் போவதும் நடக்கும், தனியார் கல்லூரிகளில் அடிக்கடி நடக்கும். அவர் போகும்போது மென்டர் நோட்டு துறை அலமாரிக்குப் போய்விடும், அதிலுள்ள விவரம் புதியவருக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது. அதனால் மாணவர் தனக்கென்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பார்த்த தேதி, பேசியது, கொடுத்த கடிதத்தின் நகல், ஆசிரியர் சொன்ன அடுத்த வேலை ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். புதிய பெயர் பலகையில் ஏறிய அன்று மதியமே அந்த நோட்டோடு போய் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்கலாம்: "மேம், நான் உங்க மென்டி. முன்னாடி சார்கிட்ட பேசினது எல்லாம் இதுல இருக்கு மேம்."